லேசர் ஒளியும் ஸ்டெம் செல்லும்: உண்மை எது, ஆசை வார்த்தை எது?

(ஜொகூர் பாருவில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில், பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'குறைந்த ஆற்றல் லேசர் ஒளியும் ஸ்டெம் செல்களும்'. தலைப்பைக் கேட்டவுடன், இது படித்தவர்கள் பேசிக்கொள்கிற விஷயம், நமக்கு எதற்கு என்று வீட்டில் சிலர் ரிமோட்டைத் தேடக்கூடும். கொஞ்சம் பொறுங்கள். இது உங்கள் உடம்பைப் பற்றியது. உங்கள் சேமிப்புப் பணத்தைப் பற்றியதும்கூட.

சில மாதங்களுக்கு முன்பு கூலாயிலிருந்து ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இனிப்பு நீரால் ஈறு கெட்டு, கீழ்த்தாடையில் பாதிப் பற்கள் போய்விட்டன. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு விளம்பரத் தாளை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"டாக்டர், லேசர் லைட் அடிச்சா ஸ்டெம் செல் முழிச்சுக்கிட்டுப் புதுப் பல்லு முளைக்குமாமே? 12,000 வெள்ளி கேக்கிறாங்க. 2,000 வெள்ளி முன்பணம் கட்டிட்டேன். மிச்சத்த மகன்கிட்ட கேட்டா, 'டாக்டர் சொன்னா தர்றேம்பா'ன்னு சொல்லிட்டான். நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

அந்தத் தாளை முழுவதும் படித்தேன். எல்லாம் பொய் என்று கிழித்துப் போட்டிருந்தால் என் வேலை சுலபம். ஆனால் அதில் எழுதியிருந்தது முழுப் பொய் அல்ல. உண்மையாக நடந்த ஓர் ஆராய்ச்சியின் ஒரு துண்டு அதில் இருந்தது. சங்கடமே அதுதான். முழுப் பொய்யை நம் மக்கள் கண்டுபிடித்து விடுவார்கள். பாதி உண்மையில்தான் பணத்தை இழக்கிறார்கள். ஆகவே, அந்த உண்மை எதுவரை வந்து எங்கே நிற்கிறது என்பதை இன்று உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று வந்திருக்கிறேன்.

நீல விளக்கை மறந்துவிட்டோமா?

ஒளி மருந்தாகுமா என்று கேட்டால் பலர் சிரிப்பார்கள். ஆனால், பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தபோது மருத்துவமனையில் நீல விளக்கின் கீழ் படுக்க வைத்ததைப் பார்த்த தாய்மார்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். அது ஒளி மருத்துவம்தான்.

அது எப்படி வந்தது தெரியுமா? 1956ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்ட் என்ற செவிலியர் குறைமாதக் குழந்தைகளைக் கவனித்து வந்தார். நல்ல வெயில் நாளில் குழந்தைகளை வெளியே கொண்டுபோய் வைப்பது அவர் வழக்கம். வெயில் பட்ட இடத்தில் ஒரு குழந்தையின் தோல் வெளுத்திருந்தது. துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. இதை அவர் மருத்துவர்களிடம் காட்டினார். அதைத் தொடர்ந்து நடந்த ஆய்வு 1958இல் வெளியானது. ஒளி பட்டால் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள், உடம்பு வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாறுகிறது என்று பிறகு விளங்கியது.

இங்கே ஒரு குறிப்பு. இதைக் கேட்டுவிட்டுக் குழந்தையை வெயிலில் போடாதீர்கள். மருத்துவமனை விளக்கில் நிறமும் அளவும் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. வாசல் வெயிலில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. 'நிறம், அளவு' என்ற இந்த இரண்டு சொற்களையும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். என் பேச்சு முழுவதும் இவை திரும்பத் திரும்ப வரும்.

எலியின் முதுகில் முளைத்த முடி

முதல் லேசர் கருவியை 1960இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் இயக்கிக் காட்டினார். லேசர் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது வெட்டுவதும் சுடுவதும்தான். கண் அறுவைக்கும் இரும்பு வெட்டுவதற்கும் பயன்படுவது அந்த வகை. நான் பேசுவது அதுவல்ல. தோலில் பட்டாலும் சூடு அவ்வளவாகத் தெரியாத, வலி இல்லாத, மிகக் குறைந்த ஆற்றல் கொண்ட சிவப்பு ஒளியும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும்தான் இன்றைய பேச்சு.

இதைக் கண்டுபிடித்ததே ஒரு தற்செயல். ஹங்கேரி நாட்டுத் தலைநகர் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் 1960களின் நடுவில் லேசரால் புற்றுக்கட்டியைக் கரைக்க முடியுமா என்று எலிகளில் சோதித்தார். முதுகில் முடியை மழித்துவிட்டு ஒளியைப் பாய்ச்சினார். அவருடைய கருவியின் ஆற்றல் போதவில்லை. கட்டி கரையவில்லை. ஆனால், ஒளி பட்ட எலிகளுக்கு மழித்த முடி வேகமாக வளர்ந்தது. காயங்களும் சீக்கிரம் ஆறின. இந்தத் துறையின் தொடக்கம் அதுதான்.

ஒளி உள்ளே போய் என்ன செய்கிறது? நம் உடம்பின் பெரும்பாலான உயிரணுக்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற சின்னஞ்சிறு மின்நிலையங்கள் இருக்கின்றன. நாம் தின்ற சோற்றையும் இழுத்த மூச்சையும் சேர்த்து உயிரணுவுக்கு வேண்டிய ஆற்றலைத் தயாரிப்பவை அவை. அங்கே இருக்கும் ஒரு நொதி, சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் ஆற்றல் உற்பத்தி கூடுகிறது, உயிரணுக்குள் சில இரசாயனச் செய்திகள் கிளம்புகின்றன என்பது ஆய்வாளர்களில் பலர் ஏற்கும் விளக்கம்.

பால்பல்லுக்குள் இருந்த புதையல்

இனி ஸ்டெம் செல்லுக்கு வருவோம். தமிழில் குருத்தணு என்று அழகாகச் சொல்கிறோம். வாழைக் குருத்து எப்படி இலையாக விரிகிறதோ, அப்படி எலும்பாகவோ இரத்தமாகவோ தசையாகவோ ஆகக்கூடிய இளம் உயிரணு இது. எதுவாக ஆக வேண்டும் என்ற கட்டளை கிடைக்கும்வரை அது காத்திருக்கும்.

நம் ஊரில் குழந்தைக்குப் பால்பல் விழுந்தால் என்ன செய்வோம்? கூரை மேல் வீசுவோம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள், பெரியவர்களின் கடைவாய்ப் பல்லின் நடுவில் இருக்கும் மென்மையான பல்கூழில் ஸ்டெம் செல்கள் இருப்பதைக் காட்டினார்கள். 2003இல் அதே குழுவில் இருந்த சொங்தாவ் ஷி என்ற பல் மருத்துவர், தம் சிறு மகளின் பால்பல் விழுந்தபோது அதை எடுத்துப் பார்த்தார். நாம் கூரையில் வீசிய அந்தப் பல்லுக்குள்ளும் ஸ்டெம் செல்கள் இருந்தன.

ஆக, ஒரு பக்கம் காத்திருக்கும் குருத்தணு. இன்னொரு பக்கம் உயிரணுவைத் தூண்டும் ஒளி. இந்த ஒளியால் அந்தக் குருத்தணுவுக்கு, 'நீ இதுவாக ஆகு' என்று கட்டளை கொடுக்க முடியுமா?

2014இல் நடந்தது என்ன?

முடியும் என்று காட்டிய முக்கியமான ஆய்வு 2014 மே மாதம் வெளிவந்தது. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் மூனி என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. ஆய்வை முன்நின்று நடத்தியவர் பிரவீன் அரணி என்ற பல் மருத்துவர்.

அவர்கள் எலிகளின் கடைவாய்ப் பல்லைத் துளைத்தார்கள். எலியின் பல் எவ்வளவு பெரியது இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உள்ளே பல்கூழின்மீது குறைந்த ஆற்றல் லேசரைப் பாய்ச்சி, பல்லை மூடிவிட்டார்கள். 12 வாரம் கழித்துப் படம் எடுத்துப் பார்த்தபோது, ஒளி பட்ட பற்களில் டென்டின் கூடுதலாக வளர்ந்திருந்தது. டென்டின் என்பது பல்லின் மேல் ஓடாகிய எனாமலுக்கு அடியில் இருக்கும் கெட்டியான பகுதி. பல்லின் பெரும்பகுதி அதுதான். மனிதப் பல்லிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களையும் ஆய்வுக்கூடத்தில் வைத்து அவர்கள் சோதித்தார்கள். ஒளி அவற்றையும் டென்டினாகும் வழியில் செலுத்தியது.

எப்படி என்பதையும் அவர்கள் கண்டறிந்தார்கள். நம் திசுக்களில் டிஜிஎஃப் பீட்டா 1 என்ற ஒரு புரதம் இருக்கிறது. 'வளர், பழுதைச் சரிசெய்' என்று உயிரணுக்களுக்குச் செய்தி சொல்லும் புரதம் அது. வழக்கமாக அது பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். லேசர் ஒளி பட்டதும், வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் சிறிதளவு தோன்றுகின்றன. அவை அந்தப் பூட்டைத் திறக்கின்றன. வெளியே வந்த புரதம் ஸ்டெம் செல்லுக்குச் செய்தி சொல்கிறது. அந்தச் செய்தியை உயிரணு வாங்க முடியாதபடி தடுத்துவிட்டு ஒளியைப் பாய்ச்சியபோது டென்டின் அப்படி வளரவில்லை. பூட்டைத் திறப்பதுதான் ஒளியின் வேலை என்பது அதனால் உறுதியானது.

நேயர்களே, இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஒளி புதிதாக எதையும் கொண்டுவந்து உடம்பில் சேர்க்கவில்லை. பெட்டிக்குள் இருந்த புரதம் நம்முடையது. காத்திருந்த குருத்தணுவும் நம்முடையது. ஒளி கதவைத் தட்டியது, அவ்வளவுதான். வீட்டுக்குள் ஆள் இருந்தால்தான் கதவைத் தட்டிப் பயன் உண்டு.

எலிக்கும் நமக்கும் இடையில் உள்ள தூரம்

இப்போது கூலாய் பெரியவரின் கேள்விக்கு வருவோம். புதுப் பல் முளைக்குமா?

அந்த ஆய்வில் முழுப் பல் முளைக்கவில்லை. இருந்த பல்லுக்குள் டென்டின் கொஞ்சம் வளர்ந்தது. அதுவும் இயற்கையான டென்டினின் அமைப்பை அப்படியே கொண்டிருக்கவில்லை. எனாமல் வளரவில்லை. எனாமலை உண்டாக்கும் உயிரணுக்கள் பல் வெளியே வந்த பிறகு நம்மிடம் இருப்பதில்லை. ஆட்கள் போய்விட்ட வீட்டின் கதவு அது. பெரியவருக்கோ பல்லே இல்லை. பல் இல்லாத இடத்தில் பல்கூழ் ஏது, அதில் ஸ்டெம் செல் ஏது?

முழுப் பல்லை முளைக்க வைக்கும் முயற்சி வேறு வழியில் நடக்கிறது. ஜப்பானின் கியோட்டோவில் 2024இல் அதற்கான முதல் கட்ட மனிதச் சோதனை தொடங்கியது. அதில் கொடுக்கப்படுவது ஒரு மருந்து. லேசர் அல்ல.

ஒளியால் ஸ்டெம் செல்களைச் செலுத்தும் ஆய்வு பல நாடுகளில் தொடர்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஜொகன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஹெய்டி ஆபிரஹாம்சே என்ற பேராசிரியரின் குழு, கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களில் பல ஆண்டுகளாக இதைச் சோதித்து வருகிறது. அந்தச் சோதனைகளில் ஒளியோடு வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் பொருள்களையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இவையெல்லாம் மதிக்கத்தக்க உழைப்பு. ஆனால் கண்ணாடித் தட்டில் வளரும் உயிரணுவிலிருந்து கூலாய் பெரியவரின் தாடை வரைக்கும் தூரம் அதிகம். பொறுமையாகக் கடக்க வேண்டிய அந்தத் தூரத்தை, விளம்பரத் தாள் ஒரே வரியில் தாண்டிவிடுகிறது.

அளவையும் சொல்ல வேண்டும். ஒரு சதுர சென்டிமீட்டரில் 10 மில்லிவாட் ஒளியை 300 விநாடி பாய்ச்சினால் அங்கே 3 ஜூல் ஆற்றல் சேரும். அதையே 100 மில்லிவாட்டில் 30 விநாடி கொடுத்தாலும் கணக்குக்கு 3 ஜூல்தான். ஆனால் உடம்பு இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. ஒளி குறைந்தால் ஒன்றும் நடக்காது. அளவோடு இருந்தால் தூண்டும். மிஞ்சினால் அதே ஒளி உயிரணுவை அடக்கும், கெடுக்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பெரியோர்கள் சொன்னது இந்தத் துறைக்கு அப்படியே பொருந்தும். எனவே 'லேசர் கொடுக்கிறோம்' என்று மட்டும் ஒருவர் சொன்னால், 'மாத்திரை கொடுக்கிறோம்' என்று சொல்வதுபோலத்தான். என்ன மாத்திரை, எத்தனை என்று கேட்காமல் விழுங்குவோமா?

பலன் உறுதியான இடம்

அப்படியென்றால் இந்த ஒளியால் இப்போது யாருக்குமே பயன் இல்லையா? இருக்கிறது. அதுவும் நம் சமூகத்துக்கு மிகவும் வேண்டிய இடத்தில் இருக்கிறது.

வாய்ப் புற்றுநோய் மலேசிய இந்தியர்களிடம் மற்ற இனத்தவரைவிட அதிகம். குறிப்பாக நம் பெண்களிடம் அதிகம். தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் காரணம் தெரியும். வெற்றிலை, பாக்கு, புகையிலை. குளுவாங், சிகாமட் பக்கம் தோட்டத்தில் வெயிலிலும் மழையிலும் உழைத்த நம் பாட்டிமார்களுக்கு அது ஒன்றுதான் ஆறுதலாக இருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதன் விலையை நான் நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை கொடுக்கும்போது வாய் முழுக்கப் புண்ணாகிவிடும். கஞ்சி குடிக்க முடியாது. எச்சில் விழுங்க முடியாது. வலி தாங்காமல் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. இந்த வாய்ப்புண் வராமல் தடுக்கவும் கடுமையைக் குறைக்கவும் குறைந்த ஆற்றல் லேசர் உதவுகிறது. இந்தியாவில் மணிப்பால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 200க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2012இல் நல்ல பலனை வெளியிட்டார்கள். புற்றுநோயாளிகளின் பராமரிப்புக்கான அனைத்துலக மருத்துவ அமைப்பு தன் வழிகாட்டியில் இதைப் பரிந்துரைக்கிறது. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டி நிறுவனமும் 2018இல் இதை ஏற்றுக்கொண்டது.

உங்கள் வீட்டில் யாருக்காவது தலை, கழுத்துப் பகுதியில் கதிரியக்கச் சிகிச்சை நடக்கப் போகிறது என்றால், சிகிச்சை தொடங்கும் முன்பே, "டாக்டர், வாய்ப்புண் வராமல் இருக்க லேசர் வசதி உண்டா?" என்று கேளுங்கள். நான் இன்று சொல்வதில் வேறு எதை மறந்தாலும் இந்தக் கேள்வியை மறக்காதீர்கள். ஆனால் இதைப் புற்றுநோய் மருத்துவக் குழுவின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். உயிரணுவைத் தூண்டும் ஒளியைக் கட்டி இருக்கும் இடத்தில் கண்டபடி பாய்ச்சக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஸ்டெம் செல் சிகிச்சையே ஏமாற்று என்று யாரும் எண்ண வேண்டாம். இரத்தப் புற்றுநோய்க்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று, ஸ்டெம் செல் சிகிச்சைதான். நம் நாட்டில் 1987 முதல் அது நடந்து வருகிறது. அதனால் பிழைத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

சோதித்து உறுதி செய்யாத சிகிச்சைதான் ஆபத்து. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் மூன்று மூதாட்டிகள் ஒரு தனியார் மருத்துவகத்தில் கண்பார்வை தேறும் என்று நம்பி, தங்கள் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை இரண்டு கண்களிலும் ஊசி மூலம் ஏற்றிக்கொண்டார்கள். இருந்த பார்வையையும் பெருமளவு இழந்தார்கள். 2017இல் மருத்துவ இதழில் இது வெளியாகி உலகத்தையே எச்சரித்தது.

நம் சுகாதார அமைச்சு 2009இலேயே ஸ்டெம் செல் ஆய்வுக்கும் சிகிச்சைக்கும் வழிகாட்டி வெளியிட்டது. 2021 முதல் உயிரணு, மரபணு சிகிச்சைப் பொருள்கள் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் கட்டுப்பாட்டுக்குள் வந்திருக்கின்றன. மருத்துவ லேசர் கருவிகள் 2012ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

ஆகவே, விளம்பரத் தாளோடு யாராவது வந்தால் ஐந்து கேள்வி கேளுங்கள். ஒன்று, இந்தக் கருவி பதிவு பெற்றதா? இரண்டு, சிகிச்சை தருபவர் மலேசிய மருத்துவ மன்றத்திலோ பல் மருத்துவ மன்றத்திலோ பதிவு பெற்றவரா? மூன்று, ஒளியின் நிறம் என்ன, அளவு என்ன, எத்தனை முறை? நான்கு, இது எலியில் பலித்ததா, மனிதரில் பலித்ததா? ஐந்து, என் நோய்க்குப் பலித்ததா, அல்லது வேறு நோய்க்கா? இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் தராதவரிடம் ஒரு காசும் கட்டாதீர்கள்.

2019இல் சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வின்படி, இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் முன்னணியில் இருப்பது நாம். ஆறாத கால்புண், ஆடும் பல், மங்கும் கண் என்று தவிக்கும் மக்கள் நம்மிடம் அதிகம். தவிப்பு இருக்கும் இடத்தைத்தான் விளம்பரங்கள் தேடி வருகின்றன. லேசருக்கு 12,000 வெள்ளி புரட்டுவதற்கு முன்னால், அரசாங்கக் கிளினிக்கில் சர்க்கரையைச் சோதித்து மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டாலே காப்பாற்றக்கூடிய பற்களும் கால்களும் எத்தனையோ.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஸ்கூடாயில் இருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் லேசர் இயற்பியல் ஒரு பாடம். ஒளி, உயிரணு, மருத்துவம் மூன்றும் தெரிந்தவர்கள் இந்தத் துறைக்குத் தேவை. ஹார்வர்டில் அந்த ஆய்வை நடத்தியவர் ஒரு பல் மருத்துவர்தான். இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை நாளை இதில் நுழைந்தால் எனக்கு அதைவிட மகிழ்ச்சி இல்லை.

கடைசியாக, கூலாய் பெரியவரைப் பற்றிக் கேட்பீர்கள். அவர் மகனை என் அறைக்கு வரச் சொல்லி, இருவரையும் உட்கார வைத்து, உங்களிடம் சொன்னதையெல்லாம் சொன்னேன். பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எனக்குப் பல்லு வராதுங்களா டாக்டர்?" என்றார். அந்தக் கேள்விக்கு 'வராது ஐயா' என்று சொல்வது எனக்கும் சுலபமாக இல்லை. கட்டிய 2,000 வெள்ளி திரும்பி வரவில்லை. மிச்சம் 10,000 தப்பியது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, ஈற்றைச் சரிசெய்து, மீதிப் பற்களைக் காப்பாற்றி, ஒரு பல்செட் செய்து கொடுத்தேன். போன மாதம் வந்தவர், பேத்தி கல்யாணத்தில் கோழிக்கறி தின்றதாகச் சொன்னார்.

ஒளியால் பலன் வரும் காலம் நிச்சயம் வரும். அது ஆய்வுக்கூடத்திலிருந்து முறையாக, படிப்படியாக நம்மிடம் வரட்டும். அதுவரை கேள்வி கேட்டுப் பழகுவோம்.